எதிர் மரை

— அப்ப, அந்தக் கதையைக் கட்டி விட்டது நீங்கதான்.

— எந்தக் கதை டீச்சரம்மா? ஒரு நாளைக்கி நாலு சொல்றேன். கணக்கா சொல்லணும்னா மூணே முக்கால். கடைசிக் கதை முடியறதுக்குள்ள ஆம்பூர் பஸ்ஸு வந்துடும், கேக்கறவன் எழுந்து ஓடிடுவான்.

— திமிரி அன்பரசன்கிட்ட சொன்னது. டிராக்டரைப் பாக்க வந்தாரே, அவர்கிட்ட.

— ஓ, அதுவா. அது கதை இல்ல. நடக்கறது.

— தாத்தா, நான் சிரிக்கற நிலைமையில இல்ல. வண்டியை எடுத்துக்கறேன்னு வாய் நெறைய சொன்ன மனுஷன், இங்க வந்து பாத்துட்டுப் போனதுலருந்து போனையே எடுக்கல. நேத்துதான் எடுத்தாரு. 'உங்க தம்பி தினம் வந்து போற வண்டி எனக்கு வேணாம்மா'ங்கறாரு. என் தம்பி முப்பத்தஞ்சு நாளா வேலூர் ஆஸ்பத்திரியில கண்ணு தொறக்காம படுத்திருக்கான். அவன் எங்கருந்து இங்க வர்றது?

— அதை நான் கேக்கல. கேட்டா மரியாதையா இருக்காது. அவரு ஜெபராஜ் ஐயா மகன், நான் இந்தக் கொட்டாயைப் பாத்துக்கற சுப்பராயன். 'எதுல வந்தே ஆல்வின், பஸ்ஸுலயா ரயில்லயா'ன்னு கேக்க முடியுமா?

— நேரா சொல்லுங்க. அன்பரசன்கிட்ட இன்னா சொன்னீங்க?

— கேட்டதுக்கு பதில் சொன்னேன். மனுஷன் வந்தாரு, பானெட்டைத் தட்டிப் பாத்தாரு, டயரை உதைச்சிப் பாத்தாரு. பின்னால வந்து டாப் லிங்க் மரையை ஒரு விரலால தொட்டாரு. விரல்ல கிரீஸ் ஒட்டிக்கிச்சி. 'ஒரு மாசமா நிக்கற வண்டின்னு சொன்னாங்க, மரையில கிரீஸ் புதுசா இருக்குதே, யார் வைக்கறது'ன்னாரு. ஓட்டின பையன்தான்னேன். 'அவன் ஆஸ்பத்திரியில இல்ல?'ன்னாரு. ஆமா, அங்கருந்துதான் வர்றான்னேன். டீ கிளாஸை அந்த மட்கார்டு மேல வெச்சாரு, போய்ட்டாரு. ரெண்டு வாய்தான் குடிச்சிருந்தாரு. மிச்சத்தை நான் குடிச்சேன். இன்னா பண்றது, வீணாப் போவக் கூடாதே.

— டாப் லிங்க்னா? இந்தக் குழாயா?

— பள்ளிக்கூடத்துல இதெல்லாம் சொல்லித் தர மாட்டாங்களா? வண்டிக்கும் கலப்பைக்கும் நடுவுல மேல ஒரு கை மாதிரி நீட்டிட்டு இருக்குதே, அதேதான். நடுவுல குழாய். ரெண்டு மொனையிலயும் திருகாணி மாதிரி மரை போட்ட தடி. கலப்பைப் பக்கம், அதாவது பின்னால இருக்கறது, சாதா மரை. வண்டிப் பக்கம், முன்னால இருக்கறது, எதிர் மரை. அது தலைகீழா சுத்தும். அப்பத்தான் குழாயைத் திருப்பினா ரெண்டு தடியும் ஒண்ணா உள்ள போவும், ஒண்ணா வெளிய வரும். கலப்பை எவ்ளோ ஆழம் எறங்கணும்னு முடிவு பண்றது இதுதான்.

— அதுக்கு தினம் கிரீஸ் வைக்கணுமா?

— ஓட்டற அன்னிக்கெல்லாம் வைக்கணும். வேலை முடிஞ்சதும் வெளிய தெரியற மரையைத் தொடைக்கணும், கிரீஸ் தடவணும். இந்தப் பாலாத்தங்கரை மண்ணு உங்களுக்குத் தெரியாதா? தோல் பதப்படுத்தற ஷாப்புத் தண்ணி எறங்கின மண்ணு. உப்பு ஜாஸ்தி. இரும்பை ராத்திரி வெளிய வெச்சா காலையில அது இரும்பா இருக்காது. நான் ஆம்பூர்ல முப்பத்தோரு வருஷம் உப்புத் தோல் அடுக்கினவன். எங்கூட நிசார் அஹமதுன்னு ஒரு தோஸ்த். உப்புக் கிடங்குலயே நின்னு நின்னு அவரு சட்டையில உப்பு ஏறிப் போச்சி. அவர் வீட்டம்மா கொழம்பு கொதிக்கும்போது சட்டைக் கையை ஒரு தடவை முக்கி எடுப்பாங்க. அவரு ரிடையர் ஆன மறுநாளுதான் அந்த வீட்டுல மொத மொத உப்பு வாங்கினாங்க.

— கதை வேணாம் தாத்தா.

— நீங்க கேட்டது உப்பு. நான் சொன்னதும் உப்புதான்.

— மணி பத்தே கால். பன்னெண்டுக்குள்ள நான் வேலூர்ல இருக்கணும். பையில ஒரு காயிதம் இருக்குது. டாக்டருங்க முடிவா சொல்லிட்டாங்க. மூச்சு மெஷினாலதான் ஓடுது, இனிமே மாறாது, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறதுன்னா போங்கன்னு. மெஷினை எடுத்தா வீடு வந்து சேர்ற வரைக்கும் தாங்கறதே சந்தேகம்னும் சொன்னாங்க. அப்பா பேனாவைத் தொட மாட்டேங்கறாரு. அம்மா இருந்திருந்தா வேற. இப்ப கையெழுத்து நான்தான் போடணும்.

— ஜெபராஜ் ஐயா தொட மாட்டாரு. அவரு கோழி அறுக்கறப்பவே எதிர்ப்பக்கம் பாப்பாரு.

— நான் போட்டா சாயந்தரம் அவன் இருக்க மாட்டான். அதுக்கு முன்னால உங்களை ஒண்ணு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்.

— அத்தனை டாக்டரையும் உட்டுட்டு என்னையா?

— ஆமா. எனக்கே அசிங்கமா இருக்குது. பதினோரு வருஷமா அறிவியல் பாடம் எடுக்கறவ நான்.

— கேளுங்க.

— ஆல்வின் நெசமாவே இங்க வர்றானா?

— அந்த டிரம்மு மேல உக்காந்தா சொல்றேன். வேணாம், அதுல வேணாம். இந்த டயர் மேல உக்காருங்க. டிரம்மு அவன் உக்கார்ற இடம்.

— சொல்லுங்க.

— விடியக்காலத்துல வர்றான். மொதல்ல கொட்டாய்த் தகடு ஒரு தடவை 'டொக்'குங்கும். வெயில் ஏறும்போது தகடு விரியும் பாருங்க, அந்தச் சத்தம். ஆனா வெயிலே இருக்காது. அப்புறம் வேலியில கத்திட்டு இருக்கற தவுட்டுக் குருவிங்க எல்லாம் ஒரே நேரத்துல வாயை மூடிக்கும். கதவு தொறக்கற சத்தமே கேக்காது. பூட்டு போட்டது போட்டபடி இருக்கும், சாவி என் அரைஞாண்லயே இருக்கும். நான் கயித்துக் கட்டில்லருந்து தலையைத் தூக்கிப் பாத்தா உள்ள நிக்கறான்.

— எப்படி நிக்கறான்?

— வெறுங்கால்ல. ஆஸ்பத்திரி சட்டை போட்டிருக்கான், பச்சைக் கலரு. முதுகுல முடிச்சு போட்டது. மூக்குல குழாய். அந்தக் குழாய் தரையில கெடந்து கதவுக்கு அடியில வெளிய போவுது. எவ்ளோ தூரம் போவுதுன்னு நான் பாக்கல. கணக்கா சொல்லணும்னா வேலூர் வரைக்கும் அம்பது கிலோமீட்டர். நடு ரோட்ல எவனும் மிதிச்சிடக் கூடாதேன்னுதான் எனக்கு பேஜாரா இருக்கும். குனிஞ்சி மரையைத் தொடைக்கறான். கிரீஸ் எடுத்து வைக்கறான். டிரம்மு மேல உக்காந்து கையைத் தொடச்சிக்கறான். தகடு இன்னொரு தடவை 'டொக்'குங்கும். ஆள் இருக்க மாட்டான்.

— சட்டை நீலம்.

— இன்னாது?

— அவனுக்குப் போட்டிருக்கற சட்டை நீலம். முதுகுல முடிச்சு இல்ல, பக்கத்துல பட்டன். குழாய் மூக்குல இல்ல தாத்தா, தொண்டையில ஓட்டை போட்டு வெச்சிருக்காங்க.

— இருட்டுல பச்சையா தெரிஞ்சிருக்கும்.

— நீங்க ஒரு தடவை கூட ஆஸ்பத்திரிக்கு வரல. வந்திருந்தா தெரிஞ்சிருக்கும். அவனைத் தூக்கிட்டுப் போன அன்னிக்கி வேன்ல ஏறினவர், பாதியில எறங்கிட்டீங்களாம். டிரைவர் சொன்னாரு.

— எனக்கு வேன் ஒத்துக்காது. வாந்தி வரும்.

— தாத்தா, என்னைப் பாருங்க. நீங்க 'வர்றான்'னு சொன்னா நான் இந்தக் காயிதத்துல கையெழுத்துப் போட மாட்டேன். யாரு சிரிச்சாலும் சரி. 'பொய்'னு சொன்னா போட்டுடுவேன். ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க.

— இது நல்லா இல்ல. ஊரே பொய்யன்னு சொல்ற ஒருத்தன்கிட்ட வந்து, உயிரை வெச்சிக்கோன்னு கையில குடுத்தா எப்படி?

— வேற யாரும் எனக்கு 'இருக்கான்'னு சொல்லல. நீங்க ஒருத்தர்தான் சொல்லிட்டு இருக்கீங்க. சத்தியம் பண்ணுங்க.

— எந்த சாமி மேல பண்றது? எங்க சாமிக்கு என்னை எழுபத்திரண்டு வருஷமா தெரியும், நம்பாது. உங்க சாமி மேல வேணா பண்றேன். அதுக்கு என்னை இன்னும் அவ்ளோ பழக்கமில்ல.

— பண்ணுங்க.

— கை நீட்டாதீங்க டீச்சரம்மா.

— பண்ணுங்க தாத்தா. மணி பத்தரை ஆவுது.

— கையை எடு பாப்பா. பொய்தான். அவன் வரல.

— வரல.

— எப்படி வருவான்? நான்தான் வைக்கறேன். விடியக்காலத்துல எழுந்து, அந்த டப்பாவுலருந்து பிரஷ்ஷால எடுத்து நான்தான் தடவறேன். தூக்கம் வர்றதில்ல. அவன் உழுந்த அன்னிக்குலருந்து ஒரு நாள் உடாம தடவறேன்.

— அப்புறம் எதுக்கு அவன் வர்றான்னு சொன்னீங்க?

— வண்டியை யாரும் வாங்கிடக் கூடாதுன்னு. வாங்கறவன் ஷெட்டுக்கு எடுத்துட்டுப் போவான். மெக்கானிக் இந்தக் குழாயைக் கழட்டுவான். கழட்டினா உள்ள இன்னா இருக்குதுன்னு தெரிஞ்சிடும்.

— இன்னா இருக்குது?

— உப்பு.

— உப்பு எப்படி உள்ள போச்சி?

— நான் போட்டதுதான் பாப்பா. உன் தம்பி ஒழுங்கா கடையில போயி கிரீஸ் டப்பா வாங்கியாந்து வெச்சான். நான் அதைத் தொறக்கவே உடல. கிரீஸ் மண்ணைப் புடிக்கும், மண்ணு மரையை அரைச்சிடும், எங்கிட்ட அதைவிட நல்ல சரக்கு இருக்குதுன்னேன். தோல் ஷாப்ல தோலைச் சொரண்டும்போது கொழுப்பு வரும். எங்க காலத்துல அதைத்தான் செருப்புக்குத் தடவுவோம், கெணத்து உருளைக்குத் தடவுவோம், பூட்டுக்கு ஊத்துவோம். மாசம் ஒருக்கா ஆம்பூர் போயி ஒரு டின்னு கொண்டாருவேன். தடவினா மரை கண்ணாடி மாதிரி மின்னும். அவனும் பாத்துட்டு, 'தாத்தா, கிரீஸ் கம்பெனிக்காரன் உன் கால்ல உழணும்'பான்.

— அதுல இன்னா தப்பு?

— சொரண்டினது உப்புத் தோலை. கொழுப்போட உப்பும்தானே வரும்? முப்பத்தோரு வருஷம் உப்புல நின்னவனுக்கு அது தெரிய வேணாமா? தெரியல. மேல மின்னுது, அடியில உப்பு உக்காந்து இரும்பைத் தின்னுது. அன்னிக்கி கலப்பையைக் கொஞ்சம் தூக்கி வைக்கணும்னு குழாயைத் திருப்பினான். அசையல. முன்னால இருக்கற எதிர் மரை இறுகிப் போச்சி. ஒரு நீட்டுப் பைப்பைச் சொருகி, காலை அந்த ஆக்சில்ல முட்டுக் குடுத்து இழுத்தான். நான் இங்கதான் நின்னேன். 'இன்னும் ஒரு தம் கட்டு, வந்துடும்'னு சொன்னது நான்தான். வந்துடிச்சி. பட்டுன்னு வந்துடிச்சி. பைப்பு கையோட வர, அவன் பின்னால போயி அந்தத் தண்ணித் தொட்டிக் கல்லு மேல...

— போதும்.

— எல்லாரும் அவன் அவசரப்பட்டான்னு சொல்றாங்க. உங்கப்பா கூட, 'எண்ணெய் போடாம முரட்டுத்தனமா இழுத்திருப்பான்'னாரு. நான் வாயைத் தொறக்கல. அவன் அவசரப்படல பாப்பா. அவன் ஒழுங்கா செஞ்சான். நான் குடுத்ததை நம்பி ஒழுங்கா செஞ்சான்.

— இதை முப்பத்தஞ்சு நாளா மனசுல வெச்சிகிட்டு, டீக்கடையில கதை சொல்லிட்டு இருந்தீங்க.

— ஆமா. அது ஒண்ணுதான் எனக்குத் தெரியும்.

— திட்டக்கூட வரல எனக்கு. கிளம்பறேன்.

— கையெழுத்துப் போடப் போறியா?

— பொய்னு சொன்னா போடறேன்னு சொல்லிட்டேனே.

— நான் உண்மையைச் சொன்ன ஒரே நாளு இது. அதுக்கு இப்படி ஒரு பலனா?

— தாத்தா, ஒண்ணு மட்டும் கேக்கறேன். கதை பண்ணாம சொல்லுங்க. அவன் வர்றான்னு நீங்க மொத மொத சொன்னது எப்ப?

— அன்பரசன் வந்தன்னிக்கி. போன வாரம் திங்கக்கிழமை. அந்த நிமிஷம் வாயில வந்திச்சி. அதுக்கு முன்னால ஒரு ஈ காக்காகிட்ட கூட சொல்லல.

— திங்கக்கிழமைன்னு நல்லா தெரியுமா?

— தெரியும். அன்னிக்கித்தான் சந்தை. எதுக்குக் கேக்கறே?

— உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னுதான் வந்தேன். ஒரு வார்த்தை குடுத்தா அதை வெச்சி ஒன்பது கதை பண்ணிடுவீங்கன்னு பயம். அங்க ஆக்னஸ்னு ஒரு சிஸ்டர் இருக்காங்க. தினம் காலையில அவனுக்கு ஒடம்பு தொடைக்கறவங்க. ஞாயித்துக்கிழமை என்னைத் தனியா கூப்புட்டு சத்தம் போட்டாங்க. பாக்க வர்றவங்க அழுக்குக் கையோட பேஷண்டைத் தொடக் கூடாதுன்னு. நாங்க யாரும் தொடல சிஸ்டர்னேன். 'அப்ப தினம் காலையில இவர் கட்டைவிரல்ல கருப்பு கிரீஸ் எப்படி வருது? நானும் ஸ்பிரிட் போட்டுத் தொடச்சித் தொடச்சிப் பாக்கறேன், மறுநாள் நகத்துக்கடியில மறுபடியும் இருக்குது'ன்னாங்க.

— எந்த நாள்லருந்து?

— செவ்வாக்கிழமை. போன வாரம் செவ்வாக்கிழமை, நீங்க சொன்னதுக்கு மறுநாள் காலையில மொத தடவை. இன்னிக்கி காலையிலயும் இருந்திச்சாம்.

— கட்டில்ல ஏதாவது இருக்கும் பாப்பா. அந்தக் கட்டிலைத் தூக்க எறக்க ஒரு பிடி இருக்குமே, அதுக்கு ஒரு மரை இருக்கும்.

— நானும் அப்படித்தான் நெனச்சேன். முட்டி போட்டு கட்டிலுக்கு அடியில கையை உட்டுத் தடவிப் பாத்தேன். வறண்டு போயி செவப்பா துரு ஏறி இருக்குது. திருப்பினா கீச்சுன்னு கத்துது. அதுல கிரீஸே இல்ல.

— வேடிக்கை பண்றியா என்னை? பொய் சொன்னவனுக்கு ஒரு பாடம்னு?

— நான் வேடிக்கை பண்ற ஆளா?

— இல்ல. சின்ன வயசுலயே நீ சிரிக்க மாட்டே.

— நீங்க ஆஸ்பத்திரிப் பக்கம் வந்தீங்களா? யாரையாவது அனுப்பினீங்களா?

— எந்த மூஞ்சியை வெச்சிகிட்டு வருவேன்? யாரை அனுப்புவேன்?

— அந்த டப்பாதானா? நீங்க எடுக்கற கிரீஸ் டப்பா?

— அதான். அவன் வாங்கினது. அவன் உழுந்ததுக்கு அப்புறம்தான் மூடியைத் தொறந்தேன். பிரஷ் அதுலயே நிக்குது பாரு.

— பிரஷ்ஷை எங்க உட்டு எடுப்பீங்க?

— நடுவுல. வேற எங்க?

— ஓரத்துல கையால எடுத்தீங்களா?

— என் விரலு பூராவும் வெடிப்பு. தோல் ஷாப் குடுத்த வெடிப்பு. கிரீஸ் பட்டா மொளகாய் அரைச்ச மாதிரி எரியும். நான் கையால தொடறதே இல்ல. இன்னா அதுல?

— நீங்களே பாருங்க.

— எனக்கு ரெண்டு கண்ணுலயும் புரை. எழுந்திரிக்கிறதும் இருட்டுல. டப்பாவே ஒரு நெழலா தெரியும். நீ சொல்லு.

— ஓரமா வரிசையா குழி இருக்குது. கட்டைவிரல் உட்டு வழிச்சி எடுத்த குழி. வட்டமா, ஒண்ணு பக்கத்துல ஒண்ணு.

— எத்தனை?

— தாத்தா...

— கணக்கா சொல்லு பாப்பா.

— ஒன்பது.

— செவ்வா, புதன், வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள், செவ்வா, இன்னிக்கி.

— எண்ணாதீங்க.

— எண்ணாம எப்படி இருக்கறது? இத்தினி நாளு நான் வாய்க்கு வந்த எண்ணெல்லாம் சொன்னேன். ஒண்ணு கூட இப்படிச் சரியா வந்ததில்ல.

— யாராவது உள்ள வந்திருக்கலாம். தகடு கொட்டாய்தானே. கிரீஸ் திருட வந்திருக்கலாம்.

— கட்டைவிரல் அளவுக்கா திருடுவான்? சரி, நீ ஒண்ணு செய். நான் அங்க குனிய மாட்டேன், நீதான் பாக்கணும். சீட்டுக்குப் பின்னால, ரெண்டு தூக்கற கைக்கும் நடுவுல தலையை உடு. டாப் லிங்க்கோட முன் மொனையைப் பாரு. எதிர் மரையை.

— நீங்கதான் ரெண்டு பக்கமும் தடவறீங்களே.

— இல்ல. நான் எந்நாளும் ஒரு பக்கம்தான் செய்வேன். அவன் இந்த வண்டியைத் தொட்ட நாள்லருந்து அதுதான் எங்க ஏற்பாடு. சாயந்தரம் வண்டி வந்து நின்னா, பின் மரை என்னுது, முன் மரை அவனுது. நான் பிரஷ்ஷால என்னுதை முடிப்பேன், அவன் அங்க குனிஞ்சி அவனுதை முடிப்பான். இந்த முப்பத்தஞ்சு நாளும் நான் என்னுதைத்தான் செஞ்சேன். அவனுதுல கை வைக்கல. எனக்கு அந்த யோக்கியதை இல்ல. அது துரு புடிச்சி அப்படியே இருக்கணும். பாத்துட்டுச் சொல்லு.

— இங்க ஒண்ணும் தெரியல. போன்ல லைட் போடறேன்.

— மெதுவா. தலையில இரும்பு இடிச்சிக்கப் போவுது.

— தாத்தா.

— துருதானே?

— இல்ல. சுத்தமா தொடச்சிருக்குது. ஒவ்வொரு மரையிலயும் கிரீஸ் இருக்குது. ஒரே ஓட்டமா தடவினது. கடைசியில ரேகை விழுந்திருக்குது. கட்டைவிரல் ரேகை.

— தொடாத. அப்படியே வெளிய வா.

— எங்கயாவது உக்காரணும் எனக்கு.

— உக்காரு. டிரம்மு மேலயே உக்காரு, பரவால்ல. உன்னை ஒண்ணும் சொல்ல மாட்டான்.

— அந்தத் துணி ஈரமா இருக்குது.

— எந்தத் துணி?

— டிரம்மு மேல இருக்கறது. கை தொடச்ச துணி. ஸ்பிரிட் வாசனை அடிக்குது.

— கீழ போடு அதை. வேணாம், போடாத. மடிச்சி அங்கியே வை.

— நான் ஆக்னஸ் சிஸ்டருக்கு போன் பண்றேன். பன்னெண்டு மணிக்கு வர மாட்டேன்னு சொல்லிடறேன். ஆனா இன்னா காரணம் சொல்றது? டாக்டர்கிட்ட இன்னா காரணம் சொல்றது?

— மரைக்கு கிரீஸ் வைக்க ஆள் வேணும்னு சொல்லு.

— விளையாடாதீங்க.

— விளையாடல. இனிமே விளையாட பயமா இருக்குது.

— எனக்கு ஒண்ணு மட்டும் பொருந்தல. அதனாலதான் நேத்து அன்பரசன் சொன்னப்பவும் இதை நான் நம்பல. கிரீஸ் இருக்கறது இடது கட்டைவிரல்ல. அவனுக்கு எல்லாமே வலது கைதான். எழுதறது, சாப்புடறது, பந்து போடறது, அப்பாகிட்ட அடி வாங்க நீட்டறது கூட. இடது கையால ஒரு டம்ளர் புடிக்க மாட்டான். அவனா இருந்தா வலது விரல்லதானே இருக்கணும்? இன்னா தாத்தா?

— எட்டு வருஷம் முன்னால, அவன் மொத மொத இந்த வண்டியை எடுத்த வாரம். எங்கிட்ட வந்து, ரெண்டு மரைக்கும் ஒரே மாதிரிதானே தடவணும்னு கேட்டான். நான் மூஞ்சியைச் சிரிக்காம வெச்சிகிட்டேன். எதிர் மரைக்கு பிரஷ் ஆவாது, துணி ஆவாது, சோத்துக் கையும் ஆவாது, இடது கட்டைவிரலாலதான் தடவணும், இல்லன்னா அதுக்குக் கோவம் வந்து இறுகிக்கும்னேன். சும்மா ஒரு தமாஷுக்கு. ரெண்டு நாள்ல சிரிச்சிடுவோம்னு பாத்தேன். பையன் நம்பிட்டான். எட்டு வருஷமா ஒரு நாள் மாறாம இடது கட்டைவிரலாலயே தடவினான். பொய்னு சொல்ல எனக்கு வாய் வரல.

— இதை வேற யார்கிட்ட எல்லாம் சொன்னீங்க?

— நான் சொன்ன அத்தனை பொய்யிலயும், பாப்பா, அவன் ஒருத்தனுக்கு மட்டும் சொன்னது அது ஒண்ணுதான்.